மருமகளுக்கு மஞ்சளோடு ஒரு ரோகு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதக் கடைசியில், வடக்கு அந்தமானில் திக்லிபூரில் நடந்தது இது. என் ஒரே மகனின் கல்யாணம். அதற்கு முதல் நாள் மத்தியானம் வரைக்கும், இந்தத் தீவுகளிலேயே என்னைப் போல் ஒரு கெட்டிக்கார மாமியார் கிடையாது என்ற நினைப்பில்தான் இருந்தேன். ஒரு ஐஸ் பெட்டியைத் திறந்ததும் அந்த நினைப்பு மொத்தமும் போய்விட்டது.

எங்கள் வீடு போர்ட் பிளேரில், ஷாதிபூரில். என் மாமனார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். டிங்கிக்காரர்களுக்கு, அதாவது சின்ன எஞ்சின் படகில் மீன் பிடிப்பவர்களுக்கு, வேண்டிய வலை, கயிறு, எஞ்சின் சாமான்கள் விற்கும் கடை ஒன்றை நானும் என் கணவரும் நடத்துகிறோம். சில வருடங்களாக ஃபிஷ் ஃபைண்டரும் விற்கிறோம். தண்ணீருக்குள் ஒரு சென்சாரை இறக்கினால், அது கீழே ஒலியை அனுப்பும். அடித்தரையிலோ மீன் மேலோ பட்டுத் திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் படமாகக் காட்டும். என் கணவருக்கு அதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லை. அதனால் வாங்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. எது பாறை, எது மீன் கூட்டம் என்று நான் அளந்து விடுவதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க ஒரு மீனாச்சும் புடிச்சிருக்கீங்களா?" என்று கிண்டல் செய்யாத டிங்கிக்காரர் கிடையாது. உண்மைதான், நான் பிடித்ததில்லை. சந்தையில் பேரம் பேசி வாங்கியதோடு சரி.

என் மகனுக்கு திக்லிபூரில் அரசாங்க வேலை. அங்கே ஒரு வங்காளிப் பெண்ணை விரும்பினான். தங்கமான பெண். எங்களுக்குத் தடை எதுவும் இல்லை. பெண்ணின் அப்பா அம்மாவும் சம்மதித்துவிட்டார்கள். பெரியப்பா மட்டும் முகம் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் மூத்தவர் அவர். "அவர்களுக்கு நம்முடைய முறை ஒன்றும் தெரியாது. நம் பெண் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிற்கப் போகிறாள்" என்று சொன்னாராம். அது காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது. உடனே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, உங்கள் முறை ஒன்று விடாமல் நாங்கள் செய்வோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னென்ன முறை என்று கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்த வாக்கு.

பிறகுதான் அவர் சொன்னார். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசி, மிச்ச மஞ்சளைப் பெண் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். அது வந்த பிறகுதான் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவார்கள். கூடவே புடவை, இனிப்பு, ஒரு பெரிய முழு மீன். அந்த மீனுக்கு நெற்றியில் குங்குமம் வைத்து, சின்னத் துணியைப் புடவை போலச் சுற்றி, வாயில் வெற்றிலை செருகி, மணப்பெண் மாதிரியே அலங்காரம் செய்வார்களாம். கேட்டதும் எனக்கு ஒரே குஷி. மீன் விஷயத்தில் எங்களுக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? எங்கள் கடைக்கு வரும் டிங்கிக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்து, என் இடுப்புக்கு மேல் நீளமுள்ள வஞ்சிரம் ஒன்றை வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டியில் கட்டினேன். இங்கே அதைச் சுர்மை என்பார்கள். வெள்ளியில் செய்தது போல மின்னியது.

விடியற்காலையில் சொந்தக்காரர்களோடு வேனில் கிளம்பினோம். காட்டுப் பாதையில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருந்து, படகில் வேனை ஏற்றி இறக்கி, வழியெல்லாம் மழை. திக்லிபூர் பக்கத்தில் ஏரியல் பே துறைமுகத்தில் இருக்கும் ஒரு டிங்கிக்காரருக்குச் செய்து காட்ட வேண்டும் என்று என் கணவர் கடையிலிருந்த ஃபிஷ் ஃபைண்டரையும் வேனில் ஏற்றியிருந்தார். "பையன் கல்யாணத்துக்குப் போறப்பவுமா யாவாரம்?" என்று வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போனேன். இருட்டிய பிறகுதான் மகனின் குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் மத்தியானம் சம்பந்தியம்மாவும் அவர் கணவரும் பெரியப்பாவும் எங்களைப் பார்க்க வந்தார்கள். டீ கொடுத்த கையோடு, "மச்லி தேக்கியே", மீனைப் பாருங்கள் என்று பெருமையாகப் பெட்டியைத் திறந்தேன். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாவின் முகம் மாறிப் போனது. என் அக்கா பின்னாலிருந்து, "என்னடி, மீனு கெட்டுப் போச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

மீன் கெடவில்லை. மீனே தப்பு. சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மனம் நோகாமல் மெதுவாக ஹிந்தியில் எடுத்துச் சொன்னார். இந்தச் சடங்குக்குக் கடல் மீன் ஆகாது. ரோகுதான் முறை. நன்னீரில் வளர்ந்து, உடம்பெல்லாம் பெரிய செதில் இருக்கிற மீன். அவர்களுக்கு மீன் என்றால் குளத்து மீன். எங்களுக்கு மீன் என்றால் கடல் மீன். குளத்து மீனில் சேற்று வாடை அடிக்கும் என்று எங்கள் வீட்டுக்குள்ளேயே விட மாட்டோம். இதையும் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா தம்பியைப் பார்த்து, எனக்கும் புரியட்டும் என்று ஹிந்தியிலேயே, "மைனே கஹா தா நா?" என்றார். நான் அப்போதே சொன்னேன் இல்லையா என்று அர்த்தம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மகன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீன் கடை மீன் கடையாக அலைந்தான். மறுநாள் நல்ல முகூர்த்தம் என்பதால் அந்த வட்டாரத்தில் எத்தனையோ வங்காளிக் கல்யாணங்கள். பெரிய ரோகு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கிவிட்டார்கள். குளம் வைத்திருப்பவர்களைக் கேட்டால், மழையில் குளம் நிரம்பி வழிந்து பெரிய மீன்கள் வயலுக்குப் போய்விட்டன என்றார்கள். கடைசியில் உள்ளங்கை நீளத்தில் இரண்டு மீனோடு வந்து நின்றான்.

மருமகள் போன் செய்தாள். என்னோடு பேசுவதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டிருந்த பெண். "பர்வால்ல அம்மா, சின்ன மீன் போதும்" என்றாள். குரல் கம்மியிருந்தது. பின்னால் பெரியப்பாவின் பேச்சுச் சத்தம் கேட்டது. நாளைக்கு அத்தனை உறவுக்காரர்களுக்கும் முன்னால், சின்ன மீனைப் பார்த்து அவர் சிரிக்கும்போது, தலை குனிந்து உட்காரப் போவது நான் இல்லை, இந்தப் பெண். அவளுக்காக எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

"பெரிய ரோகு இந்த ஊர்ல வேற எங்கடா இருக்கு?" என்று மகனைக் கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மருமகளின் கிராமத்தில், நெல் வயல்களுக்காக ஓடையை மறித்துக் கட்டிய ஒரு ஏரி இருக்கிறது. மீன்குஞ்சு விட்டு வருடக்கணக்காகிறது. உள்ளே பெரிய பெரிய ரோகு உண்டு. ஆனால் அணை கட்டியபோது காட்டு மரங்கள் அப்படியே மூழ்கிவிட்டதால் வலை இழுக்க முடியாது, கிழிந்துவிடும். யாரும் தூண்டில் போடலாம். ஆனால் மீன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேனில் ஃபிஷ் ஃபைண்டர் இருந்தது.

மகனின் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக் கருவியில் மாட்டினோம். ஏரிக்கரையில் கட்டிக் கிடந்த சின்ன மரப் படகைக் கேட்டு வாங்கினோம். ஏறுவதற்கு முன் முதலை உண்டா என்று கேட்டேன். ஏரியில் இல்லை, ஓடையில்தான் என்றார்கள். அந்த ஓடைதானே இந்த ஏரி என்று கேட்க நினைத்து, கேட்டால் படகில் ஏற மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கணவர் துடுப்புப் போட்டார். மகனின் சிநேகிதன் ஒருவன் வீச்சு வலையோடு முன்னால் நின்றான். நான் நடுவில், மடியில் திரையோடு. கரையில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் அம்மா படகில் போகிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? பெரியப்பாவும் குடையோடு வந்து நின்றார்.

கருவியை முடுக்கியதுமே திரை முழுக்க மீன் படங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இங்க, இங்க!" என்று கத்தினேன். அவன் வலையை வீசினான். இழுத்தால் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். பாதி வலை கிழிந்து, அதோடு ஒரு மரக்கிளையும் வந்தது. கரையில் ஒரே சிரிப்பு. "ஆப்கா மஷீன் லக்டி பகட்தா ஹை!" என்று யாரோ கத்தினார்கள். என் கருவி விறகு பிடிக்கிறதாம். பெரியப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கடல்காரர்கள். அதனால் கருவியைக் கடலுக்கென்றே அமைத்து, மீன் படம் வருகிற மாதிரி வைத்துத்தான் செய்து காட்டுவேன். படம் வந்தால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கும். ஆழ்கடலுக்கு வைத்த கூர்மை, அதாவது எதிரொலியைப் பிடிக்கும் திறன், இந்த ஏரிக்கு ரொம்ப அதிகம். தண்ணீருக்குள் ஒரு கிளை, ஒரு நீர்க்குமிழி இருந்தால்கூட அதற்கும் மீன் படம் போட்டுவிடுகிறது. கடலையே பார்த்துப் பழகிய நான் ஏரியையும் கடல் மாதிரியே பார்த்திருக்கிறேன்.

மீன் படத்தை நிறுத்தினேன். நன்னீர் என்று மாற்றினேன். ஆழத்தைக் குறைத்து, கூர்மையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். திரை தெளிந்தது. அடித்தரையிலிருந்து எழும்பி நிற்கும் கோடுகள் எல்லாம் மூழ்கிய மரங்கள். படகு மெதுவாக ஏரியின் நடுவுக்குப் போனபோது தரை சட்டென்று பள்ளமானது. அணை கட்டுவதற்கு முன்பு ஓடை ஓடிய பழைய தடம் அது. அங்கே மரம் ஒன்றும் இல்லை. தரையைத் தொடாமல், தனித்தனியாக, வளைவு வளைவாக, தடியான கோடுகள். மரம் இப்படித் தெரியாது. நகர்கிற மீன்தான் இப்படித் தெரியும்.

"ஏங்க, இதுதாங்க மீனு. பெரிய மீனு" என்றேன்.

அந்த ஆழத்துக்கு மிச்சமிருந்த வலை எட்டாது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. படகில் கிடந்த நீளமான மூங்கில் கழி ஒன்றை ஊன்றி அந்த இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பினோம். சிரித்தவர்களெல்லாம் கலைந்து போய்விட்டார்கள். பெரியப்பா மட்டும் நின்றார். திரையில் பதிந்திருந்த படத்தை அவரிடம் காட்டினேன். இது தரை, இது மரம், இது மீன் என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த மூங்கில் கழியைப் பார்த்தார். குடையை இடுக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

அவர் தூண்டில் பைத்தியம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மகன்தான் சொன்னான். அந்த ஏரியின் பெரிய ரோகு ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கரையில் உட்காருகிறவராம்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் நானும் கணவரும் ஏரிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் அவர் அங்கே இருந்தார். கையில் சக்கரம் வைத்த தூண்டில், ஒரு பாத்திரம் நிறைய இரை. கடுகுப் பிண்ணாக்கும் வறுத்த வெந்தயமும் நெய்யும் இன்னும் என்னவோ சேர்த்துப் பிசைந்தது. வாசனை தூக்கியது. எனக்கே பசித்தது.

மூன்று பேருமாகப் படகில் ஏறி, மூங்கில் கழி பக்கத்தில் படகைக் கட்டினோம். அவர் இரையை உருட்டி முள்ளில் வைத்தார். கொஞ்சத்தைத் தண்ணீரிலும் தூவினார். பிறகு தூண்டிலை என்னிடம் நீட்டினார்.

"நான் எதுக்கு? நீங்களே போடுங்க பாயி சாப்" என்றேன் ஹிந்தியில்.

"நஹி பெஹன்ஜி. யே லட்கேவாலோங் கா காம் ஹை" என்றார் கறாராக. இது மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வர வேண்டிய மீன். பெண் வீட்டு ஆள் பிடித்தால் முறை என்ன ஆவது? இரை வைத்ததோடு அவர் வேலை முடிந்தது. இனித் தூண்டிலைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். வருடக்கணக்காகத் தான் ஏங்கிய மீனை அப்படியே எனக்கு விட்டுக் கொடுத்தார் அந்த மனிதர்.

நான் திரையைப் பார்த்தேன். அவர் மிதவையைப் பார்த்தார். படகு அசையாமல் நின்றதால் என் இரை திரையில் மெல்லிய கோடாக ஓடியது. அதற்குக் கீழே ஒரு தடித்த கோடு வந்தது. மெல்ல மேலே ஏறியது. இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டன. "வந்துருச்சு, இழுக்கட்டுமா?" என்று பதறினேன். மிதவை அசையவே இல்லை. "அபி நஹி" என்றார் அவர். இப்போது வேண்டாம், முகர்ந்து பார்க்கிறது, பொறுங்கள் என்றார். தடித்த கோடு கீழே இறங்கிப் போனது. எனக்கு உயிரே போனது போல இருந்தது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது.

மூன்றாவது முறை அது வேகமாக ஏறி வந்தது. மிதவை சடக்கென்று உள்ளே போனது. "கீஞ்சோ!" என்று அவர் கத்தினார். இழுத்தேன்.

பிடித்தவர்களுக்குத்தான் அது தெரியும். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ என் கையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றியது. "சோடோ, சோடோ" என்றார், விட்டேன். "அப் கீஞ்சோ" என்றார், சுற்றினேன். மரங்கள் இருக்கும் பக்கம் அது ஓடப் பார்த்தது. கணவர் படகின் கட்டை அவிழ்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். நூல் மரத்தில் சுற்றினால் கதை முடிந்தது. எந்தப் பக்கம் மரம் இருக்கிறது என்று முதல் நாளே திரையில் பார்த்திருந்ததால், "அந்தப் பக்கம் வேணாம், இப்பிடித் திருப்புங்க!" என்று கணவரிடம் கத்தினேன். அவர் துடுப்பை மாற்றிப் போட்டுக்கொண்டே, "விட்டுறாத! கடைப் பேரே போயிரும்!" என்று பதிலுக்குக் கத்தினார். பெரியப்பா உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினார். ஆனால் கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

கைகள் மரத்துப் போன பிறகு அது மேலே வந்து புரண்டது. செம்பு நிறச் செதில்கள். கணவர் கைவலையை அடியில் கொடுத்துத் தூக்கினார். மீனோடு சேர்ந்து அவரும் விழப் போனார், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூன்று பேரும் மீனும் படகுக்குள் குவிந்து கிடந்தோம். அப்போதுதான் பெரியப்பா கையை எடுத்தார். அந்த மீனின் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன், சிரித்தேன். அந்த ஏரி முழுக்கக் கேட்கும்படி விசிலடித்தேன். கல்லூரிக் காலத்துக்குப் பிறகு அன்றுதான் விசில்.

மகனுக்கு மஞ்சள் பூசி முடித்து, மீனுக்குச் சிவப்புத் துணி கட்டி, குங்குமம் வைத்து, வாயில் வெற்றிலை செருகினோம். என் அக்கா தன் பங்குக்கு அதன் தலையில் மல்லிகைப் பூவும் வைத்துவிட்டாள். இது எங்கள் முறை என்று சொல்லிவிட்டாள், யாரும் மறுத்துப் பேசவில்லை. தட்டோடு தூக்க நானும் அக்காவும் வேண்டியிருந்தது. அந்த வஞ்சிரமும் வீணாகவில்லை, எங்கள் பக்கத்து மசாலா தடவிப் பொரித்து அன்றைக்கே இரண்டு வீட்டாரும் காலி செய்தோம்.

பெண் வீட்டு வாசலில் அத்தனை உறவுக்காரர்களும் நின்றார்கள். பெரியப்பா முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வங்காள மொழியில் ஏதோ முழங்கினார். மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "அம்மா, 'எங்க சம்பந்தியே ஏரியில எறங்கிப் புடிச்ச மீனு, எந்தக் கல்யாணத்துலயாவது இப்பிடிப் பாத்திருக்கீங்களா'ன்னு கேக்கறாங்க." சம்பந்தி என்று அவர் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெண்கள் குலவையிட்டார்கள். சங்கு ஊதினார்கள். மருமகள் மஞ்சள் பூசிக்கொள்ள உட்காருவதற்கு முன் ஓடி வந்து, மீன் வாடை அடிக்கும் என் சேலையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். நேற்று போனில் கம்மியிருந்த குரலில் இப்போது சிரிப்பு மட்டும்தான் இருந்தது.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக் காரியமாக இருந்தாலும், உங்கள் வீட்டில் எது வழக்கம் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் வாக்குக் கொடுக்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த வாக்கை அன்றைக்குக் கேட்காமல் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. நான் மருமகளாக என் மாமியார் வீட்டு வாசலில் நின்றபோதுகூட இப்படி ஒரு வரவேற்பு எனக்குக் கிடைத்ததில்லை. மாமியாராக, இரண்டு கையிலும் ஒரு ரோகுவை ஏந்திக்கொண்டு போன வாசலில் அது கிடைத்தது. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்ந்துகொள்கிறது.